பறங்கி போன கடல்

அண்ணைக்குக் கப்பல் பைத்தியம். எனக்கு அது துண்டறப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ பெரிய மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பிறம்ரன் நகரத்தில் அவருடைய வீட்டு பேஸ்மென்ற் சுவரில் ஒரு பழைய வரைபடத்தின் பிரதி தொங்குகிறது. அண்ணி அதை வரவேற்பறைக்குள் விடவில்லை, அதனால் கீழே. அசல் வரைபடம் ஐந்நூறு வயதை எட்டப்போகிறது. பிரான்ஸில் கீறியது. கீறினவர்களுக்கு விவரம் போர்த்துக்கேய மாலுமிகளிடமிருந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் பறங்கிகளிடமிருந்து, போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அதில் யாவாத் தீவுக்குத் தெற்கே, வெறும் கடல் இருக்கவேண்டிய இடத்தில், பெரிய நிலம் ஒன்று கிடக்கிறது. நிலத்தின் மேல் மரங்கள், குடிசைகள், நகத்தளவு மனிதர்கள். அதுதான் அவுஸ்திரேலியா, ஆங்கிலேயருக்கு எத்தனையோ காலம் முன்பே போர்த்துக்கேயர் அங்கே இறங்கிவிட்டார்கள், அதை வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று வாதிடுகிறவர்கள் ஒரு கட்சி. கீறினவன் தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினான், அவ்வளவுதான் என்பவர்கள் மறு கட்சி. அண்ணை முதல் கட்சியின் தீவிரத் தொண்டர்.

நான் ஸ்காபுரோவில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். திரும்பி வருகிற புத்தகங்களை அடுக்குவதும், கேட்டவர்களுக்கு வேறு கிளைகளிலிருந்து எடுப்பித்துக் கொடுப்பதும் என் வேலை. இதனால் அண்ணையின் கப்பல்களெல்லாம் என் கை வழியாகத்தான் போய் வந்தன. வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், பதினாறாம் நூற்றாண்டுக் கடலோடிகளைப் பற்றி வரிசையாகக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? என்னோடு வேலை செய்பவர்கள் அவரை ஒரு பேராசிரியர் என்றே நம்பியிருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

கொடுக்கும் முன் நானும் வாசிப்பேன். ஆசையால் இல்லை, மூக்கை உடைப்பதற்கு. அவுஸ்திரேலியாவின் தென்கரையில் மணலுக்குள் ஒரு கறுத்த மரக்கப்பல் கிடந்தது, திமிங்கிலம் பிடிக்கப் போனவர்கள் கண்ணால் கண்டார்கள் என்று அண்ணை சொல்வார். கண்டவர்கள் ஆளுக்கொரு இடத்தைச் சொன்னார்கள், எத்தனையோ பேர் தோண்டியும் ஒரு பலகை அகப்படவில்லை என்று நான் சொல்வேன். சுண்ணாம்புக்குக் கிண்டின இடத்தில், பழைய சிப்பிகளுக்குள் ஒரு கொத்துத் திறப்பு, பழைய சாவிக்கொத்து, எடுத்தார்கள் என்பார். எடுத்த திறப்புகளையும் தொலைத்துவிட்டார்களே என்பேன். கரையோரத் தீவொன்றில் பீரங்கி எடுத்தார்கள் என்பார். அது ஆசியாவில் வார்த்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள் என்பேன். ஒரு ஸ்பானியக் கப்பல் புயலில் கூட்டத்தைப் பிரிந்து பசிபிக் கடலில் காணாமல் போனது, அது எங்கேயோ ஒரு தீவில் ஒதுங்கி, ஆட்கள் அங்கேயே குடும்பமாகி வாழ்ந்திருக்க வேண்டும் என்பார். அந்த இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஏனென்றால் அவர் கப்பலைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார்.

தம்பி ஊரிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவன். யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து, வெளியே வந்து, விசாரணை விசாரணை என்று இழுபட்டு, இனி அங்கே இருக்க முடியாது என்ற நிலையில் ஏறினான். அண்ணை அம்மாவையும், அம்மாவைச் சேர்ந்தவளாக என்னையும் முதலே இங்கே கூப்பிட்டு எடுத்துவிட்டார். அப்போது ஊரில் நின்றுவிட்ட தம்பியை, வளர்ந்த பிறகு அப்படி எடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று போன இடமெல்லாம் சொல்லிவிட்டார்கள். படகு ஒரு பழைய மீன்பிடி றோலர். அது கரையை விட்டு வெளிக்கிட்டது வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவுஸ்திரேலியாவில் அப்படியொரு படகு வரவில்லை என்றார்கள். மூழ்கியதைக் கண்டவரும் இல்லை. ஒரு சப்பாத்து, ஒரு பலகை, ஒரு உடல், எதுவுமே எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. இப்போது பதின்மூன்று வருடம்.

அவன் கடைசியாகப் பேசியது அண்ணையோடு. ஏறுவதற்கு முதல் நாள் அவருக்குப் போன் எடுத்துக் கதைத்திருக்கிறான். எனக்கு அதில் தீராத கோபம். அந்தக் கிழமைதான் அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தது. நான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அம்மாவோடேயே இருந்தேன். அம்மாவின் போன் என் கையில்தான் இருந்தது. சுகம் விசாரிக்க ஊரெல்லாம் எடுத்தது, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். தம்பியிடமிருந்து போன் வரவில்லை. அண்ணைக்கு எடுக்கத் தெரிந்தவனுக்கு, பெத்த தாய்க்கும் அக்காவுக்கும் ஒரு நிமிடம் எடுக்கத் தெரியவில்லையா என்று நான் பதின்மூன்று வருடமாக யாரைக் கண்டாலும் புலம்பியிருக்கிறேன். காணாமல் போனவனோடு கோபிப்பது எவ்வளவு வசதியானது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கோபம் இருக்கும்வரை அவன் எங்கேயோ இருக்கிறான்.

செத்துப்போனவர்கள் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். சாகாமல் காணாமல் போனவன் போக மாட்டான். நானும் அம்மாவும் இருக்கிற மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் பின் சீற்றில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நித்திரை கொள்கிற யாரும் எனக்குத் தம்பிதான். முகம் தெரியும்வரை இறங்கவேண்டிய பஸ் தரிப்பைத் தாண்டியும் இருந்திருக்கிறேன். அவனுக்கு நானாகவே வருடா வருடம் வயது கூட்டினேன். காதோரம் நரை வைத்தேன். கொஞ்சம் வயிறும் வைத்தேன். அண்ணையோ தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுப்பார். விளம்பரக்காரன், ஏமாற்றுக்காரன், யாராக இருந்தாலும் எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் முதலில் மூச்சைக் கேட்பார். ஒருமுறை பேஸ்மென்ற்றுக்கு நான் இறங்கிப் போனபோது, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரைபடத்தின் அந்தச் சின்ன மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. சத்தம் போடாமல் திரும்பி ஏறிவிட்டேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அம்மா எங்கள் இரண்டு பேருடைய சண்டையையும் கேட்டுக்கொண்டிருப்பார். சேரமாட்டார். போன சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணை சாப்பிட வந்திருந்தார். மீன்குழம்பைச் சோற்றில் விட்டபடியே தொடங்கினார்.

"அம்மா, நியூசிலாந்திலை ஒரு மணி எடுத்தவங்கள். கப்பல் மணி. வெண்கலம். அதிலை என்ன எழுதியிருந்தது தெரியுமோ? தமிழ்!"

"தமிழோ?"

"ஓம். இன்னாற்றை கப்பல் மணி எண்டு கப்பல்காரன்ரை பேரும் கிடக்கு. வெள்ளைக்காரப் போதகர் ஒருத்தர் காணேக்கை, அங்கத்தைச் சனம் அதைத் தலைகீழா வைச்சு உருளைக்கிழங்கு அவிச்சுக்கொண்டு இருந்ததுகளாம். கன காலத்துக்கு முன்னமே ஒரு மரம் விழுந்து, அதின்ரை வேருக்குள்ளை கிடந்து எடுத்ததாம்."

"அதுக்கும் பறங்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "ஆளில்லாத கப்பல் மிதந்து போய் ஒதுங்கியிருக்கலாம் எண்டும் எழுதியிருக்கிறாங்கள். அந்தப் பக்கத்தை நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"பறங்கியோ ஸ்பானியனோ எங்கட பக்கத்திலை பிடிச்சுக் கொண்டு போயிருப்பான். அவன் போகாமல் மணி எப்பிடிப் போகும்?"

அம்மாவுக்கு மணி பிடித்துவிட்டது. உருளைக்கிழங்கு அவித்தது இன்னும் பிடித்துவிட்டது, சிரித்தார். பிறகு கையைக் கழுவப் போனவர் பாதி வழியில் நின்று கேட்டார்.

"அது சரி மோனை. மணியோடை போன ஆக்கள் எங்கை?"

அண்ணை இன்னொரு துண்டு மீனை எடுத்துத் தட்டில் போட்டார். அம்மா போய்க் கையைக் கழுவினார்.

அன்றைக்குத்தான் அம்மா அதைக் கேட்டார். "எனக்கு எண்பத்திரண்டு முடியுது. நான் கண்ணை மூட முதல் என்ரை பிள்ளைக்குச் சுவாமியாரைக் கொண்டு கோயிலிலை ஒரு பூசை வைக்கவேணும். செத்த பூசை. ஒருக்கால் அழுது முடிக்கவேணும்."

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரம்மா செத்த பூசை வைக்கிறது?" என்று அண்ணை எழும்பிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. மூத்த மகன் சம்மதிக்காமல் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அம்மா பிறகு கேட்கவில்லை, ஆனால் அந்தக் கோடையில் அவர் உடம்பு சட்டென்று இறங்கியதை நான் பார்த்தேன். மாடிப்படியில் இரண்டு தரம் நின்று ஏறினார். இந்த அழுகையை அழாமலே அம்மா போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் கார்த்திகை, அதாவது நவம்பர், ஆன்மாக்களின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தங்களில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கும். சுவாமியார் பூசையில் வாசிப்பார். தம்பியின் பிறந்தநாளும் அதே மாதம்தான். அதனால் நாங்கள் வருடா வருடம் இரண்டு தாள் கொடுப்போம். ஒன்றில் அப்பா, அம்மாவின் சகோதரங்கள் என்று இறந்தவர்கள். மற்றதில் தம்பி மட்டும், சுகபலன் வேண்டி. இறந்தவர்களுக்கு ஒரு தாள், இருக்கிறவனுக்கு ஒரு தாள். அந்த இரண்டாவது தாளுக்காகவே அண்ணை வருடத்தில் ஒருநாள் பிறம்ரனிலிருந்து எங்கள் கோயிலுக்கு வருவார்.

இந்தமுறை நான் அதை நூலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். அப்பாவின் பெயரை எழுதினேன். மாமாவை எழுதினேன். சின்னம்மாவை எழுதினேன். அடுத்த வரியில் தம்பியின் பெயரை எழுதினேன். எழுதி, மடித்து, உறையில் போட்டு, ஒட்டினேன். இரண்டாவது தாள் வெறுமையாக என் பைக்குள்ளேயே கிடந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் கண்டேன். அதற்குள் உறை பீடத்துக்குப் போய்விட்டது. கை தவறியதா, நானாகத்தான் எழுதினேனா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாது என்று எழுதுவதே ஒரு கள்ளம்தானோ என்னவோ.

சுவாமியார் ஒவ்வொரு குடும்பமாக வாசித்துக்கொண்டு வந்தார். அண்ணை அம்மாவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்பாவின் பெயர் வந்தது. மாமா. சின்னம்மா. தம்பியின் முழுப் பெயரை, ஞானஸ்நானப் பெயரோடு, சுவாமியார் நிதானமாக வாசித்தார். பதின்மூன்று வருடத்தில் அந்தப் பெயர் இறந்தவர்களுக்கு நடுவில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அடுத்த வீட்டுக்காரரின் பெயர்கள் வந்தன. அவ்வளவு சாதாரணமாக நடந்து முடிந்தது.

அண்ணை எழும்பி வெளியே போனார். அம்மா அசையவில்லை. வாசித்து முடிந்து எல்லோரும் இறந்தவர்களுக்கான இளைப்பாற்றி மன்றாட்டுக்குப் பதில் சொன்னபோது, அம்மாவின் குரல் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குப் பலமாகக் கேட்டது.

மல்வேர்ன் வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அண்ணை கேட்டார்.

"ஆர் குடுத்தது?"

"நான்தான். பிழையா எழுதுப்பட்டுப் போச்சு."

"பிழையோ? நீ பிழை விடுற ஆளோ? என்ரை ஒவ்வொரு புத்தகத்திலையும் பிழை பிடிக்கிறனி, இதிலை பிழை விட்டிட்டியோ?"

"ஓம், விட்டிட்டன்! இல்லை, வேணுமெண்டே எழுதினன் எண்டு வையுங்கோ. அம்மாவைப் பாருங்கோ அண்ணை. உங்கட பறங்கி கரைக்கு வருமட்டும் அவ இருப்பாவோ? ஏன் நீங்கள் விடுறியள் இல்லை? உங்களுக்கு என்னதான் வேணும்?"

அண்ணை கதிரையில் இருந்தார். நான் இன்னும் பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன். அவர் சப்பாத்து நாடாவையே பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

"அவன் எனக்கு எடுத்தவன் எல்லோ. பயந்துபோய் எடுத்தவன். அண்ணை, படகு சின்னனாக் கிடக்கு, ஏறவோ விடவோ எண்டு கேட்டவன். எனக்கு வேலையிலை பிரேக் முடியுது, மணி அடிச்சிட்டுது. நான் சிரிச்சனான். டேய், அந்தக் காலத்திலை பறங்கியே வெறும் பாயை விரிச்சுக்கொண்டு அங்கை போனவன், உங்களுக்கு எஞ்சின் கிடக்கு, ஏறடா எண்டனான். அவனும் சிரிச்சான். சரி அண்ணை எண்டான்."

சொல்லி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தார்.

"பிறகு பாத்தால், பறங்கி அங்கை போனதுக்கே ஒழுங்கான சாட்சி இல்லையாம். நீதானே சொல்லுவாய். ஒரு பலகைகூட இல்லை எண்டு."

பதின்மூன்று வருடமாக அவர் ஏன் அந்தக் கப்பலைத் தேடினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி எங்கேயோ ஒதுங்கியிருப்பான் என்ற நம்பிக்கைக்காக என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. ஃபோர்க்லிஃப்டில் ஏறப் போகிற அவசரத்தில், பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தை அரைகுறையாக வைத்துக்கொண்டு சிரிப்புக்காக விட்ட ஒரு பகிடியை உண்மையாக்கப் பார்த்திருக்கிறார். ஒரு போர்த்துக்கேயனாவது அந்தக் கரையில் கால் வைத்திருந்தால், அவர் தம்பிக்குப் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு மனிதனைத்தான் பூதக்கண்ணாடியில் தேடியிருக்கிறார். நான் என்ன செய்தேன்? புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து கொடுத்து, ஒவ்வொன்றிலும் அவருடைய சாட்சியைச் சாகடித்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அண்ணையின் பக்கத்தில் நின்றார். அவர் தலையில் கை வைத்தார்.

"நீ சொல்லி அவன் போகேல்லையடா."

"இல்லையம்மா. நான்தான்..."

"சொல்லுறதைக் கேள். உனக்கு எடுத்துப்போட்டு அவன் எனக்கும் எடுத்தவன். அண்ணை ஏறச் சொல்லுறார், எனக்கு மனமில்லை அம்மா எண்டவன். நான்தான் சொன்னனான், ஏறு ராசா, மாதா கைவிட மாட்டா எண்டு. நான் சொல்லித்தான் போனவன். இவ்வளவு நாளும் வெளியிலை சொல்லப் பயத்திலை இருந்திட்டன்."

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணையின் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அண்ணை அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் அப்படிச் சத்தமாக அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மாவும் அழுதார். தம்பியின் பெயரைச் சொல்லி, செத்த வீட்டில் அழுவதுபோலவே அழுதார். நான் கோப்பி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். கேத்திலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை குசினிக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். முகம் வீங்கியிருந்தது. மெல்லிய குரலில் கேட்டார்.

"அந்தக் கிழமை முழுக்க நீதானே அம்மாவோடை நிண்டனி. போனும் உன்ரை கையிலைதானே."

"ஓம்."

"அவன் எடுத்தவனோ?"

சாட்சி கேட்கிறார். இவ்வளவு காலமும் அவருடைய சாட்சிகளையெல்லாம் கிழித்துப்போட்ட ஆளிடம் வந்து கேட்கிறார்.

"எடுத்தவன்" என்றேன்.

"பதின்மூண்டு வருசமா நீ சொன்னனியே, எங்களுக்கு எடுக்கேல்லை எண்டு? கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னனியே?"

"என்னோடை கதைக்கேல்லை எண்ட கோவத்திலை சொன்னனான். அம்மாவைக் குடு எண்டு மட்டும்தான் கேட்டான். அம்மாவுக்குக் கண் கட்டிக் கிடந்தது. நான்தான் போனைக் காதிலை பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அண்ணை என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அவர் மூச்சை விட்டார். தலையை ஆட்டினார். கோப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனார். பூசைக்கு எந்தச் சனிக்கிழமை தோது என்று இரண்டு பேரும் கதைப்பது எனக்குக் கேட்டது.

மார்கழி முதல் சனிக்கிழமை பூசை நடந்தது. பெட்டி இல்லை, படம் மட்டும் வைத்தோம். அம்மா கறுப்புச் சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். அடுத்த கிழமை அண்ணையின் புத்தகங்கள் எல்லாம் ஒரேயடியாக நூலகத்துக்குத் திரும்பி வந்தன. அடுக்குகிறபோது, நான் சொன்ன அந்த மறுப்புப் பக்கங்களில் எல்லாம் அவர் துண்டுக் கடதாசி வைத்திருந்ததைக் கண்டேன். எல்லாவற்றையும் வாசித்துத்தான் இருந்திருக்கிறார்.

அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அந்தக் கிழமை தம்பி எடுக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனால் இப்போது ஒரு வில்லங்கம் வந்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போது நான் அவனைத் தேடுவதில்லை. அதற்குப் பதிலாக, வராத அந்தப் போன் வந்ததுபோலவே நினைவுக்கு வருகிறது. மத்தியானம், யன்னலால் வெயில் விழுகிறது, அம்மாவின் கண்ணில் வெள்ளைத் துணி. தூரத்து லைனில் முதலில் ஒரு இரைச்சல். பிறகு அவனுடைய குரல். "அக்கா, அம்மாவைக் குடு" என்கிறான். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அம்மாவின் காதில் வைக்கிறேன். ஏறாதே என்று சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம் இருந்தது, நான் சொல்லவில்லை.